காலேஜ் எண்ணிக்கை கூடினா பல்கலைக்கழகம் வளர்ந்துடுச்சுன்னு அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பக்கத்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எப்படியெல்லாம் வளர்ந்திருக்குன்னு உங்க பேப்பர்ல அரைப் பக்கத்துக்கு செய்தி போட்டிருந்தீங்க. இத்தனை காலேஜ் இணைஞ்சிருக்கு, இத்தனை புது கோர்ஸ் வந்திருக்கு, இந்த வருஷம் இத்தனை பேருக்கு பட்டம் குடுத்தாங்கன்னு எல்லாம் இருந்துச்சு, படிக்க சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை பாத்துட்டேன், எத்தனை வாத்தியார் இருக்காங்கன்னு ஒரு வரிகூட இல்ல சார். நான் உதவிபெறும் காலேஜ் ஒண்ணுல தாவரவியல் நடத்திட்டு ரிட்டயர்ட் ஆனவன், அதனால இந்த விஷயம் கொஞ்சம் உறுத்தும். லெட்டர் நீளமாத்தான் போகும்னு தோணுது. வெட்டணும்னா வேற எதை வேணாலும் வெட்டுங்க, வாத்தியாரைப் பத்தி எழுதியிருக்குற இடத்தை மட்டும் விட்டுடுங்க.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், இல்லேன்னா ரிட்டயர்ட் ஆனவன் வேலையில்லாம குறை சொல்றான்னு ஆயிடும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பிள்ளைகளுக்கு 1990க்கு முன்னாடி பல்கலைக்கழகம்னா மதுரைதான், அதுக்கும் முன்னாடி, 1966ல மதுரைப் பல்கலைக்கழகம் வர்ற வரைக்கும், சென்னைதான். ஒரு சர்டிபிகேட்ல இனிஷியல் தப்பா வந்துட்டா அதைத் திருத்த பஸ் புடிச்சு ராத்திரி முழுக்கப் போகணும். 1990ல மனோன்மணியம் சுந்தரனார் பேர்ல இங்கேயே ஒண்ணு வந்துச்சு, அபிஷேகப்பட்டில நூத்துக்கணக்கான ஏக்கர்ல காம்பஸ். பொண்ணை மெட்ராஸ் ஹாஸ்டலுக்கு அனுப்பவே மாட்டேன்னு நின்ன அப்பன்மாரு, காலைல பஸ் ஏறி சாயங்காலம் வீடு வந்து சேர முடியும்னதும் எம்.எஸ்சிக்கு அனுப்பினாங்க. என்கிட்ட படிச்ச பிள்ளைகள்லயே அப்படிப் போனவங்க நிறைய பேரு, அதுல பாதிப் பேர் வீட்ல அவங்கதான் முதல் பட்டதாரி.

மொத்தத் தமிழ்நாட்டுக்கும் இதே கதைதான். 1982ல கோவைல பாரதியார், திருச்சில பாரதிதாசன், 1984ல கொடைக்கானல்ல அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், 1985ல காரைக்குடி அழகப்பா, 1997ல சேலம் பெரியார், 2002ல வேலூர் திருவள்ளுவர். உயர்கல்வில சேர்ற விகிதம் 2021-22 கணக்குப்படி நாட்டுக்கே 28.4 சதவீதம்னா நமக்கு 47 சதவீதம். இது தானா வந்ததில்ல, ஊர்ப்பக்கம் காலேஜ் வந்ததும், அந்த காலேஜுக்குப் பட்டம் குடுக்க பக்கத்துலயே ஒரு பல்கலைக்கழகம் இருந்ததும் பெரிய காரணம். இப்ப புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வருது, சேர்ற பொண்ணுங்க கூடத்தான் செய்வாங்க. இதையெல்லாம் யாரும் சின்ன விஷயம்னு சொல்ல முடியாது.

சரி, குறைக்கு வர்றேன். இது ஆரம்பத்துலயே கூட வந்த கோளாறு. 1857ல கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ்னு மூணு யூனிவர்சிட்டி ஆரம்பிச்சப்ப லண்டன் யூனிவர்சிட்டியப் பாத்து அமைச்சாங்க, பாடம் நடத்துறது காலேஜ் வேலை, பரீட்சை வச்சுப் பட்டம் குடுக்குறது யூனிவர்சிட்டி வேலை. லண்டன்காரன் பிறகு அதை மாத்திக்கிட்டான், மெட்ராஸ்லயும் பிற்பாடு நல்ல நல்ல துறையெல்லாம் வந்துச்சு. ஆனா மாவட்டத்துல பொறந்த சின்னப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தப் பரீட்சை வேலைதான் இன்னைக்கும் சோறு போடுது. தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், புது கோர்ஸ் கேட்டா இன்ஸ்பெக்‌ஷன் கட்டணம், புரொவிஷனல், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், மைக்ரேஷன், உண்மைத்தன்மை சான்றுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சலான். அரசு மொத்தமாக் குடுக்குற மானியம், பிளாக் கிராண்ட்னு சொல்வாங்க, அது சம்பளத்துக்கே முழுசாப் பத்தாது, பென்ஷனும் பல்கலைக்கழகத்தோட சொந்த நிதி தலைல. அப்ப காலேஜ் கூடினாதான் வண்டி ஓடும். உங்க செய்தில காலேஜ் எண்ணிக்கையை முதல் வரில போட்டிருந்தீங்களே, அது வளர்ச்சிக் கணக்கு இல்ல சார், வரவு கணக்கு.

பேப்பர் திருத்துற கேம்ப் எப்படி இருக்கும்னு உங்க வாசகர்கள்ல நிறைய பேருக்குத் தெரியாது. எந்தப் பல்கலைக்கழகத்து கேம்ப்னு சொல்ல வேணாம். பெரிய ஹால், நீள மேஜை, மேஜைக்கு ஆறேழு பேர், நடுவுல ஒரு சேர்மன். பதிவு எண்ணைக் கிழிச்சு எடுத்துட்டு டம்மி நம்பர் போட்ட விடைத்தாள் கட்டு கட்டா வரும், காலைல ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு. திருத்தணும், மார்க்கை எண்ணால எழுதணும், எழுத்தால எழுதணும், கூட்டிப் பாக்கணும், கையெழுத்துப் போடணும். எங்க மேஜைல எனக்கு எதிர்ல பல்கலைக்கழகத் துறைலயே வேலை பாக்குற ஒருத்தர் உக்காந்திருந்தார், நல்ல ஆராய்ச்சிக்காரர். அவர்கிட்ட பிஎச்.டி பண்ற பையன் தீசிஸ்ல ஒரு அத்தியாயத்தை பிரிண்ட் எடுத்துட்டு ஹால் வாசல்ல நிப்பான், சாப்பாட்டு நேரத்துல அவர் ஒரு கைல டிபன் பாக்ஸ், ஒரு கைல சிவப்பு பேனாவோட அதைப் படிப்பார். துறைல ஏன் உக்காந்து பேசக்கூடாதுன்னு கேட்டேன். நவம்பர் செமஸ்டர் முடிஞ்சு ரிசல்ட் போடறதுக்குள்ள அரியர் பேப்பர் வந்துருது, அது முடியறதுக்குள்ள ரீவால்யூவேஷன், அது முடிஞ்சா இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டில போட்டு ஏதாவது காலேஜுக்கு அனுப்பிடறாங்க, நாங்க எப்ப துறைல இருக்கோம்னார். மத்தியானக் கட்டு வந்துச்சு, சிவப்பு பேனா மறுபடி விடைத்தாளுக்குப் போயிருச்சு.

அந்த மாதிரி ஆட்களும் இப்ப குறைஞ்சுட்டே வர்றாங்கங்கிறதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஒருத்தர் ரிட்டயர்ட் ஆனா அந்த இடம் அப்படியே கெடக்குது. ஆட்சிமன்றக் குழுல வைப்பாங்க, இடஒதுக்கீட்டு வரிசை, அதாவது ரோஸ்டர், சரியில்லைன்னு ஒரு கேஸ் வரும், நிதி ஒப்புதல் வரலைம்பாங்க, துணைவேந்தர் பதவிக்காலம் முடியப்போகுது இப்ப எதுக்கு வம்புன்னு விடுவாங்க, அப்புறம் துணைவேந்தரே இருக்க மாட்டார். நடுவுல பாடம் நடத்தணுமே, கௌரவ விரிவுரையாளரைப் போடுவாங்க. இவங்களுக்கு ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாசம் 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 2019லயே சொல்லியாச்சு, ஆனா நெட், செட்னு தகுதித் தேர்வு, பிஎச்.டி எல்லாம் வச்சிருக்குற பிள்ளைகளுக்கு நம்ம ஊர்ல அதுல பாதிகூட தேறாத இடம் எத்தனையோ இருக்கு, மே மாசம் அதுவும் கிடையாது. அவங்களை நான் குறை சொல்லல, பல துறைல வகுப்பு நடக்குறதே அவங்களாலதான். ஆனா அடுத்த ஜூன்ல நாம இங்க இருப்போமான்னு தெரியாத ஆளு அஞ்சு வருஷத்துக்கு ஒரு ஆராய்ச்சியை எப்படி ஆரம்பிப்பார் சொல்லுங்க.

வெளில இருந்து பாக்குறவங்களுக்கு இது வெறும் வேலைவாய்ப்புப் பிரச்சனை மாதிரி தெரியும், உள்ள போனா சங்கிலி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கெடக்கும். யுஜிசி விதிப்படி ஒரு பேராசிரியர் எட்டு பிஎச்.டி மாணவர் வரைக்கும்தான் எடுக்கலாம், இணைப் பேராசிரியர்னா ஆறு, உதவிப் பேராசிரியர்னா நாலு, கௌரவ விரிவுரையாளர் கைடா இருக்க முடியாது. துறைல நிரந்தர ஆள் ரெண்டே பேர்னா ஆராய்ச்சி அந்த அளவோட நின்னுரும். ஆராய்ச்சி குறைஞ்சா புராஜக்ட் பணம் குறையும், பேப்பர் குறையும். பல்கலைக்கழகத்துக்குத் தர மதிப்பீடு போடுற நாக் கமிட்டி வரும்போது ஆசிரியர் விகிதம், ஆராய்ச்சி ரெண்டுலயும் மார்க் போயிரும். தொலைநிலைக் கல்வி நடத்தணும்னா நாக்ல நாலுக்கு 3.01ஆவது வேணும், இல்ல நாட்டோட ரேங்கிங்ல முதல் நூறுக்குள்ள வரணும்னு 2020 விதி. கிரேடு இறங்கினா தொலைநிலை போச்சு, அது போனா வருமானம் போச்சு, வருமானம் இல்லைன்னா காலி இடத்துக்கு ஆள் போட நிதி இல்லம்பாங்க. எங்க ஆரம்பிச்சோமோ அங்கேயே வந்து நிக்கும்.

தொலைநிலைன்னதும் ஞாபகம் வருது. நம்ம மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் ஒரு காலத்துல அதை வச்சு நல்லா சம்பாதிச்சாங்க, வெளிமாநிலத்துல எல்லாம் ஸ்டடி சென்டர் இருந்துச்சு. அந்தப் பணம் இருந்த நாள்ல யாரும் நாளைக்கு என்னன்னு யோசிக்கல. மாநிலப் பல்கலைக்கழகம் மாநிலத்துக்கு வெளில சென்டர் நடத்தக்கூடாதுன்னு யுஜிசி கெடுபிடி பண்ணதும் பல இடத்துல அந்தக் குழாய் அடைச்சுருச்சு. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துல சம்பளமும் பென்ஷனும் வரலைன்னு ஊழியர்களும் ஓய்வுபெற்றவங்களும் போராட்டம் பண்ணதை எல்லாப் பத்திரிகையும் எழுதிச்சு. எனக்கு அதைப் படிச்சப்ப மனசு ரொம்ப சங்கடமாப் போச்சு, ஏன்னா மாவட்டத்துப் பல்கலைக்கழகம் எப்படி இருக்கணும்னு யாராவது கேட்டா நான் காட்டுறது அந்த மதுரையைத்தான்.

காரணம் சொல்றேன். தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தரா இருந்து ஆரம்பிச்ச இடம் அது. நாகமலை அடிவாரத்துல பொட்டல் காடு. அங்க 1970கள்ல எம்.கே. சந்திரசேகரன்னு ஒரு விலங்கியல் விஞ்ஞானி வந்து சேர்ந்தார், ஜெர்மனில வேலை பாத்தவர். உயிர்களோட உடம்புக்குள்ள ஓடுற கடிகாரம் அவரோட சப்ஜெக்ட், ராத்திரி பகல் தெரியாம அடைச்சு வச்சாலும் உடம்பு எப்படி நேரத்தைக் கணக்கு வைக்குதுன்னு பாக்குறது. அதுக்குப் பெரிய மெஷின் வேணும்னு டெல்லிக்கு எழுதிப்போட்டுட்டுக் காத்துட்டு இருக்கல. மதுரையச் சுத்தி இருக்குற மலைக் குகைல வவ்வால் இருக்கே, அங்க போய் உக்காந்தாங்க அவரும் அவர் மாணவர்களும். வெளிச்சமே எட்டாத குகைக்குள்ள ஒரு வவ்வாலைக் கூண்டுல வச்சுப் பாத்தாங்க. சுத்தி இருக்குற கூட்டம் சாயங்காலம் இரை தேடிக் கிளம்பி விடியுமுன்னாடி திரும்பி வர்றதை வச்சே கூண்டுல இருக்குறதோட கடிகாரமும் ஒத்துப்போகுது, கூட்டம் இல்லாத இடத்துல வச்சா அதுபாட்டுக்கு விலகிப் போகுது. 1981ல இது பேப்பரா வந்துச்சு, உலகம் பூரா அந்தத் துறைல இருக்குறவங்களுக்கு மதுரை எங்க இருக்குன்னு தெரிஞ்சுது. பிறகு காம்பஸ்லயே கடிகாரமும் சூரிய வெளிச்சமும் இல்லாத ஒரு இருப்பிடம் கட்டி மனுஷங்களையே தங்க வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. இத்தனைக்கும் மூலதனம் என்னன்னு பாருங்க, பக்கத்துல ஒரு குகை, நிரந்தர வேலைல ஒரு வாத்தியார், ராத்திரி முழுக்க முழிச்சிருக்கத் தயாரா இருந்த நாலு மாணவர்கள், அவங்க பாட்டுக்கு வேலை பாக்கட்டும்னு விட்ட ஒரு நிர்வாகம்.

இன்னொண்ணு காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 1957ல 48 வயசு முடியுறதுக்கு முன்னாடியே போய்ட்டார், ஆனா அதுக்குள்ள 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை அந்தச் சின்ன ஊருக்குக் கொண்டுவந்து, காலேஜ்களையும் நிறுவிட்டுப் போனார். 1985ல அந்த காலேஜ்களை வச்சு அழகப்பா பல்கலைக்கழகம் ஆரம்பிச்சப்ப மத்த இடம் மாதிரி ஊர்ப்பட்ட காலேஜைத் தலைல கட்டல, முதல்ல தன்னோட துறைகளை மட்டும் பாத்துச்சு. பிற்பாடுதான் சிவகங்கை, ராமநாதபுரம் ரெண்டு மாவட்ட காலேஜ்கள் வந்துச்சு, அப்பவும் சுமை கம்மி. 2017ல நாக்ல 3.64 வாங்கி ஏ பிளஸ் எடுத்துச்சு, பெரிய நகரத்துப் பல்கலைக்கழகமெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. சுமை கம்மியா இருந்தது மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்லல, ஆனா துறைல வேலை பாக்க வாத்தியாருக்கு நேரம் இருந்தா என்ன ஆகும்னு அதுல தெரியுது.

நம்ம நெல்லைக்கு வருவோம். ஆரம்பிச்சவங்களுக்கு இந்த யோசனை இருந்துருக்கு, அதை ஒத்துக்கணும். ஆழ்வார்குறிச்சில மலை அடிவாரத்துல பரமகல்யாணி சுற்றுச்சூழல் மையம், குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலத்துல கடற்கரையை ஒட்டி கடல் அறிவியல் மையம். பொதிகைல பொறக்குற தாமிரபரணி ஆறு புன்னக்காயல்ல கடல்ல சேர்ற வரைக்கும் ஒரே பல்கலைக்கழக எல்லைக்குள்ள ஓடுது, இப்படி ஒரு அமைப்பு எத்தனை பல்கலைக்கழகத்துக்குக் கெடைக்கும்? அகத்தியமலை யுனெஸ்கோ உயிர்க்கோள வலைப்பின்னல்ல 2016ல சேர்ந்தாச்சு. கீழ வந்தா உப்பளம், பனை, தேரி மணல், முப்பந்தல் காத்தாலை, குலசேகரபட்டினத்துல ராக்கெட் தளம். தாமிரபரணில குறிப்பிட்ட பத்து இடத்துல மாசா மாசம் தண்ணியெடுத்து டெஸ்ட் பண்ணி இருபது வருஷத்துக்கு விடாம எழுதி வச்சா, ஆத்துல சாக்கடை எங்க கலக்குது, எந்த வருஷத்துல இருந்து கலக்குதுன்னு கோர்ட்ல கேட்டாலும் எடுத்து வைக்கலாம். இதுக்குக் கோடிக்கணக்குல ஒண்ணும் ஆகாது. ஆனா இருபது வருஷமும் அந்த நோட்டைத் தன் நோட்டுன்னு நினைக்குற ஆள் வேணும். மூணு வருஷ புராஜக்ட் முடிஞ்சதும் பாட்டிலைக் கழுவிக் கவுத்திட்டுப் போற ஆள் வச்சு அது நடக்காது.

என் சப்ஜெக்ட்ல ஒரு உதாரணம் சொன்னா நல்லாப் புரியும். ஹெர்பேரியம்னு ஒண்ணு இருக்கு, செடியைப் பறிச்சு, அழுத்தி, காய வச்சு, பூச்சி அரிக்காம மருந்துல தோய்ச்சு, தடிமனான அட்டைல ஒட்டி, எங்க எப்ப யார் பறிச்சான்னு மூலைல சீட்டு ஒட்டி பீரோல அடுக்குறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் காலேஜ்ல அப்படி ஒண்ணு வச்சுருக்காங்க, மேற்குத் தொடர்ச்சி மலைல செடி தேடுறவங்களுக்கு அது பெரிய சொத்து. பாக்க சும்மா பீரோ மாதிரிதான் இருக்கும். ஆனா மழைக்காலத்துல ஈரம் ஏறாம பாக்கணும், நாஃப்தலின் மாத்தணும், ஒட்டினது விட்டுப்போச்சுன்னா மறுபடி ஒட்டணும், பேர் மாறிருச்சுன்னா பழைய சீட்டைக் கிழிக்காம பக்கத்துல புதுசு ஒட்டணும். பாத்துக்குற ஆள் ரிட்டயர்ட் ஆகி அடுத்த ஆள் வராம ரெண்டு மழைக்காலம் போயிருச்சுன்னா வெள்ளிப்பூச்சியும் புகையிலை வண்டும் அம்பது வருஷ உழைப்பைத் தின்னு தீத்துரும். அப்படித் தின்னு போன ஒரு பீரோவை நான் பாத்துருக்கேன், எந்த இடம்னு வேணாம். பூ இருந்த இடத்துல தூள், சீட்டு மட்டும் அழகான கையெழுத்தோட இருந்துச்சு. காலிப் பணியிடம்னு நீங்க செய்தில ஒரு எண்ணா எழுதுறது துறைக்குள்ள இப்படித்தான் தெரியும்.

சிவகளை அகழாய்வுல பானைக்குள்ள இருந்த நெல்லு கி.மு. 1155 வாக்குலன்னு 2021ல சட்டசபைல முதலமைச்சர் அறிவிச்சார், நமக்கெல்லாம் பெருமை. அந்த நெல்லு டெஸ்டுக்குப் போனது அமெரிக்கால மியாமிக்கு. கார்பன் டேட்டிங் மெஷினை ஒவ்வொரு மாவட்டத்துலயும் வைக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா அந்த மண்ணைச் சலிச்சு, கரிஞ்ச விதை எது, எலும்பு எது, இது நெல்லா வரகான்னு பிரிச்சுச் சொல்றதுக்கு மைக்ரோஸ்கோப்பும் பழகின கண்ணும் போதும், அந்தக் கண்ணு ஆதிச்சநல்லூர், சிவகளைப் பிள்ளைககிட்டயே இருக்கணும்னு நான் ஆசைப்படறேன். மதுரைல கீழடி பக்கத்து எலும்புகளை வச்சு டிஎன்ஏ வேலை பண்ண முடியுதுன்னா காரணம் அங்க உயிரியல் துறை ஏற்கெனவே வேரோட இருந்ததுதான்.

துணைவேந்தரை நியமிக்குற அதிகாரம் கவர்னருக்கா அரசுக்காங்கிற சண்டைல யார் பக்கம் நியாயம்னு எழுதி உங்களை வம்புல மாட்ட மாட்டேன். கோவை பாரதியார்ல 2022 அக்டோபர்ல நாற்காலி காலியாச்சு, சென்னைப் பல்கலைக்கழகத்துல 2023 ஆகஸ்ட்ல, அப்புறம் வரிசையா மத்த இடங்கள். கவர்னர், அரசு, சுப்ரீம் கோர்ட்டு 2025 ஏப்ரல் தீர்ப்பு, அடுத்த மாசமே ஹைகோர்ட்டு தடைன்னு போச்சு. துணைவேந்தர் இல்லாத இடத்துல ஒருங்கிணைப்புக் குழு ஃபைல்ல கையெழுத்துப் போடும், அன்றாட வேலை நடக்கும், சம்பள பில் பாஸ் ஆகும். ஆனா பத்து வருஷத்துக்கு இந்தத் துறையை இப்படி வளர்க்கணும்னு ஒரு கமிட்டி கனவு காணாது, நிரந்தரமா ஆள் எடுக்குற முடிவெல்லாம் அடுத்து வர்றவர் பாத்துக்கட்டும்னு தள்ளிப்போயிரும். சண்டை போடறவங்க போடட்டும், அது நடக்குற நாள்ல வயசாகி ரிட்டயர்ட் ஆகுறவர் சண்டை முடியட்டும்னு காத்துட்டு இருக்கப்போறதில்ல.

இதுக்கு நடுவுல எங்க மாவட்டத்துக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேணும்னு எல்லா ஊர்லயும் கோரிக்கை வருது. எனக்கு இதுல உடன்பாடு இல்ல, திட்டுறவங்க திட்டட்டும். 2007ல இருந்து அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரிச்சு திருச்சி, கோவை, நெல்லை, மதுரைன்னு வச்சாங்க, 2012ல எல்லாத்தையும் திரும்ப ஒண்ணாக்கிட்டாங்க. நடுவுல படிச்ச பிள்ளைக எந்தப் பேர்ல பட்டம் வரும்னு தவிச்சதுதான் மிச்சம். விழுப்புரத்துல 2021ல திருவள்ளுவரைப் பிரிச்சு ஒண்ணு ஆரம்பிச்சு அதே வருஷம் அண்ணாமலையோட இணைக்குற சட்டமும் வந்துச்சு. போர்டு மாத்துறதுக்கும் லெட்டர்பேடு அடிக்குறதுக்கும் ஆகுற செலவுல ஒரு துறைக்கு எத்தனை வாத்தியார் போட்டிருக்கலாம்னு யாரும் கணக்குப் பாக்கல. புதுசா ஒண்ணு வந்தா அதுக்கு ஒரு துணைவேந்தர், ஒரு பதிவாளர், ஒரு தேர்வாணையர், அவங்களுக்கு கார், டிரைவர் எல்லாம் முதல் மாசமே வந்துரும். வாத்தியார்தான் கடைசில.

ஆள் போடுங்கன்னு சொல்றேன்னதும் கண்டபடி போடச் சொல்றேன்னு யாரும் நினைக்க வேணாம். சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929ல இருந்து எவ்வளவு பெரிய பேரோட இருந்துச்சு, வேலைக்குத் தேவைக்கு மேல ஆட்களைச் சேத்துச் சேத்து நிதி நெருக்கடில மாட்டி 2013ல அரசு எடுத்து நடத்த வேண்டியதாப் போச்சு, மிச்ச ஆட்களை மத்த அரசு காலேஜ்களுக்கும் ஆபீஸ்களுக்கும் பிரிச்சு அனுப்பினாங்க. அதனால அரசு தயங்குறதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா அங்க அதிகமாச் சேத்ததுக்காக இங்க ஒருத்தரையுமே சேக்காம இருக்குறது எந்த ஊர் நியாயம்? ஒப்புதல் ஆன இடத்தையாவது நிரப்புங்கங்கிறதுதான் கோரிக்கை, ஒரே வருஷத்துல எல்லாம்கூட வேணாம், துறைக்கு ஒருத்தர் ரெண்டு பேரா ஆரம்பிச்சாலே போதும்.

பரீட்சை வேலையைக் குறைக்கவும் வழி இருக்கு. 1978லயே தன்னாட்சி காலேஜ்ங்கிற முறையை நாட்டுலயே முன்னால ஆரம்பிச்சது நம்ம தமிழ்நாடு, நல்லா நடத்துற காலேஜ்கள் தங்க பரீட்சையைத் தாங்களே வச்சுக்குறாங்க. மத்த காலேஜ்களுக்கு தேர்வு வேலை பாக்க தனியா ஒரு அமைப்பு வச்சு, அதுக்குன்னே ஆள் போட்டு, துறை ஆசிரியரை அதுல இருந்து விடுவிக்கலாம். கட்டண வருமானம் போயிருமேன்னு நிதி அலுவலர் கத்துவார், அந்த ஓட்டையை பிளாக் கிராண்ட்ல அடைக்காம இதெல்லாம் நடக்காது, இதையும் சேத்தே சொல்லிடறேன். அது வரைக்கும் நம்ம பல்கலைக்கழகம் கல்யாண மண்டபம் மாதிரிதான், வருஷம் பூரா கூட்டம் வரும், விசேஷம் நடக்கும், போட்டோ எடுப்பாங்க, மண்டபத்துக்குன்னு ஒரு குடும்பம் இருக்காது.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். பட்டமளிப்பு விழா வரும்போது மறுபடியும் சிறப்புச் செய்தி போடுவீங்க. அன்னைக்கு உங்க நிருபரை விழா மேடைக்கு அனுப்புறதுக்கு முந்தின நாள் பதிவாளர் ஆபீஸுக்கு ஒரு தடவை அனுப்புங்க. ஒவ்வொரு துறைலயும் ஒப்புதல் ஆன ஆசிரியர் இடம் எத்தனை, நிரந்தரமா இருக்குறது எத்தனை பேர், அடுத்த மூணு வருஷத்துல ரிட்டயர்ட் ஆகுறது எத்தனை பேர்னு மூணே எண் கேட்டு வாங்கச் சொல்லுங்க, தரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்க. வந்ததை துறை வாரியா ஒரு அட்டவணையா, தங்கப் பதக்கம் வாங்கின பிள்ளைக போட்டோவுக்குப் பக்கத்துலயே போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.